வலது காதுக்குள் ஒரு மழைவண்டு

"அம்மா, காதுக்குள்ள ஆரோ நடக்கினம்."

மகள் சலோமி இதைச் சொன்னபோது நானும் என் கணவர் சவிரியும் ஒரு கருவாட்டுத் தட்டியை இரண்டு பக்கமும் பிடித்து விறாந்தைக்குத் தூக்கிக்கொண்டிருந்தோம். பருவத்தின் முதல் மழை அப்போதுதான் விட்டிருந்தது. பொழுது மங்குகிற நேரம். நனைந்த மணலின் வாசமும் பாதி காய்ந்த சீலா மீனின் வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன. முற்றத்து பல்பைச் சுற்றி மண்ணிறத்தில் சின்னச் சின்ன வண்டுகள் சுழன்று, சுவரில் மோதி, சீமெந்துத் தரையில் மல்லாக்க விழுந்து காலை உதறின.

அவள் சொன்ன விதம் சாதாரணமாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்வதைப்போல. பிறகு அவளுடைய முகம் மாறியது. இரண்டு கைகளாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள். அதற்குப் பிறகுதான் கத்தத் தொடங்கினாள்.

தட்டியை நான் விட்டுவிட்டேன். ஒரு கிழமை காய வைத்த கருவாடு முழுவதும் ஈர மணலில் கொட்டுண்டது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில், பழைய பாலத்தின் நடுவில் பஸ் நின்றுபோன இடத்தில் கதையை நிறுத்தியிருந்தேன். அந்த பஸ் இன்னும் ஒரு வாரம் அங்கேயே நிற்கட்டும். முந்தாநாள் எங்கள் பேசாலையில் இந்த வருடத்து முதல் மழை பெய்தது. அதன் பிறகு, போன வருடத்து முதல் மழையைத் தவிர வேறொன்றும் எனக்கு எழுத வரவில்லை.

ஒரு பக்கத்துப் பிள்ளை

சலோமிக்கு இடது காது கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் ஒன்று அதைக் கொண்டுபோய்விட்டது. எங்களுக்கு அது வெகுகாலம் தெரியாது. தொட்டிலின் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் வலது பக்கம் திரும்பி, யாருமே இல்லாத சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். பிள்ளை ஒளித்துப்பிடித்து விளையாடுகிறது என்று நாங்கள் எல்லோரும் ரசித்தோம்.

கொழும்பில் காட்டிய டொக்டர், "மற்றக் காதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அவர் வேறு பலதும் சொன்னார். எனக்கு இந்த ஒரு வாக்கியம்தான் மிஞ்சியது. அதை வைத்து ஒரு வாழ்க்கை முறையையே கட்டினேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சலோமியின் வலது பக்கத்தில்தான் நடப்போம். மாதா கோயிலில் இடது சுவரோரம் உட்காருவோம். அப்போதுதான் பூசை முழுவதும் அவளுடைய வலது பக்கத்தில் நடக்கும். திருவிழாவில் வெடி கொளுத்துகிற நேரம் பார்த்து எனக்குத் தலையிடி வரும், அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். குளிக்கும்போதும் மழையிலும் வலது காதில் வசிலின் தடவிய பஞ்சு இருக்க வேண்டும்.

அவளுக்கு இவை எதுவும் பாரமாகத் தெரிந்ததில்லை. இரவில் வலது காதைத் தலையணையில் புதைத்துவிட்டால் உலகம் முழுவதும் அவளுக்கு அணைந்துவிடும்.

"அப்பா குறட்டை விடத் தொடங்கினா நான் ஓஃப் பண்ணிப்போட்டுப் படுப்பன்" என்பாள். "அம்மாதான் பாவம். அவவுக்கு சுவிச் இல்லை."

அன்று மழை விட்டவுடனே அவள் பஞ்சை எடுத்துவிட்டிருந்தாள். ஏன் என்று பிறகொரு நாள் கேட்டேன். "மழை முடிஞ்சாப்பிறகு கூரையால சொட்டுற சத்தம் இருக்கெல்லோ அம்மா, அது பஞ்சுக்குள்ளால வராது" என்றாள்.

கணவாய்க்காரரின் யோசனை

சத்தம் கேட்டு, அடுத்த வீட்டு ரீட்டா மாமி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வேலியால் வந்தார்.

"கொஞ்சம் இளஞ்சூடாக்கி விடு பிள்ளை. செத்துப்போம்."

"அந்தக் காதுக்கு ஒண்டும் விடக்கூடாது மாமி. டொக்டர் சொன்னவர்."

"டொக்டர் கொழும்பில இருக்கிறார். வண்டு இஞ்சயெல்லோ இருக்குது."

சவிரி எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அவர் தொழிலுக்குக் கொண்டுபோகிற, தலையில் கட்டும் லைற். அவர் வெளிச்சம் வைத்துக் கணவாய் பிடிக்கிறவர். வள்ளத்தின் ஓரத்தில் விளக்கைத் தொங்கவிட்டால் எங்கிருந்தோ கணவாய்கள் வந்து கூடும். அவருடைய அப்பாவும் அப்படித்தான் பிடித்தார். இருட்டுக்குள் இருக்கும் எதையாவது வெளியே எடுக்க வேண்டுமென்றால் எங்கள் கரையில் கை முதலில் தேடுவது வெளிச்சத்தை.

"லைற்றுக்குத்தானே வந்தது. காதடியில பிடிச்சா அதுவே வெளிய வரும். கணவாயே வருகுது, இது வராதா?"

எனக்கு அது சரியாகப் பட்டது. ரீட்டா மாமிக்கும் பட்டது, போத்தலை மூடினார். முற்றத்து பல்பை அணைத்தோம். நான் மணலில் இருந்து, சலோமியின் தலையை மடியில் வைத்து, வலது காதை மேலே திருப்பிப் பிடித்தேன். சவிரி லைற்றைப் போட்டார்.

காது மடல் முழுவதும் சிவப்பாக ஒளிர்ந்தது. துவாரத்துக்குள் மண்ணிறமாக, பளபளப்பாக, புளியங்கொட்டையின் முனைபோல ஏதோ தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு கால்கள் உதைத்தன.

அது வெளியே வரவில்லை. வெளிச்சம் பட்ட கணமே உள்ளே போனது. என் கண்ணுக்கு முன்னால், ஈர மணலில் நண்டு இறங்குவதைப்போல, அந்தப் புளியங்கொட்டை முனை கீழே இறங்கி மறைந்தது. சலோமியிடமிருந்து அப்போது வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

சவிரி லைற்றை அணைத்தார். இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஏன் உள்ளுக்குப் போகுது? வெளிச்சத்துக்கு வராம ஏன் உள்ளுக்குப் போகுது?"

நான் சலோமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் என் உதடுகளையே பார்த்தாள்.

"அம்மா, நீங்க கதைக்கிறது கேக்கேல்ல. அதுதான் கேக்குது."

தாராபுரத்துக் கழுதைகள்

ஓட்டோ பிடித்து மன்னாருக்கு ஓடினோம். தாராபுரத்துக்குக் கிட்ட நடு ரோட்டில் கழுதைகள் நின்றன. மன்னாருக்கு வந்துபோனவர்களுக்குத் தெரியும், எங்கள் கழுதைகள் ஹோர்னுக்கு விலகுவதில்லை. மழைக்குப் பிறகு தார் ரோட்டின் சூட்டில் கால் வைத்து நிற்பது அவற்றுக்குச் சுகம். சவிரி இறங்கி, ஒவ்வொன்றையும் தோளால் முட்டித் தள்ளினார்.

ரோட்டு லைற்றுக்குக் கீழே அதே வண்டுகள். நூறா ஆயிரமா தெரியாது. லைற்றிலிருந்து இரண்டாவது மழை பெய்வதுபோலக் கழுதைகளின் முதுகில் விழுந்துகொண்டிருந்தன. கழுதைகள் சும்மா காதை ஆட்டின, அவ்வளவுதான். காதை ஆட்டத் தெரிந்த அந்தப் பிராணிகளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

சலோமி கத்துவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கோ தூரத்தில் நடக்கும் ஒன்றைக் கவனிப்பவள்போல இருந்தாள்.

நெற்றியில் வாயை வைத்து

ஆசுப்பத்திரியில் இருந்தவர் முக்காடு போட்ட இளம் டொக்டர். குரல் தாழ்ந்து, ஆறுதலாக இருந்தது.

"எண்ணெய் கிண்ணெய் விட்டனீங்களோ அக்கா?"

"இல்லை டொக்டர்."

"நல்லது. லைற் அடிச்சுப் பாத்தனீங்களோ?"

நான் சவிரியைப் பார்க்கவில்லை. அவரே சொன்னார்.

"ஓம். வெளிய வரும் எண்டு நினைச்சனான்."

டொக்டர் சிரிக்கவில்லை. காதுக்குள் கருவியால் பார்த்து, அதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிடம் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "பறக்கிற நேரம்தான் அண்ணே அது லைற்றுக்கு வரும். கால் ஒரு இடத்தில பட்டிட்டா அது தோண்டுற பிராணி. வெளிச்சம் பட்டா விடிஞ்சிட்டுது எண்டு நினைச்சுக் கீழ போகும். பகல்ல அதுக்கு இடம் மண்ணுக்குள்ளதானே. திரும்பி வரவும் ஏலாது. கால் முள்ளெல்லாம் பின்பக்கம் பாத்து நிக்குது."

பிறகு என்னிடம் சொன்னார். வண்டு செவிப்பறையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை; அதனால் மருந்து விட்டு வண்டைக் கொல்ல முடியாது. மயக்கி எடுப்பதென்றால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும்.

"அங்க போய்ச் சேருமட்டும் அது சும்மா நிக்காது அக்கா. இப்ப பிடிச்சு எடுக்கலாம். ஆனா பிள்ளை துளிகூட அசையக்கூடாது. அசைஞ்சா…"

  சலோமியிடம் இருந்தது அந்த ஒரு காதுதான்.

அசையாதே என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அவளுடைய ஒரே வாசலில் வண்டு நின்றது. அப்போதுதான், மறந்துபோயிருந்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒலி எலும்பு வழியாகவும் போகும் என்று கொழும்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அவள் நெற்றியில் வாயை அழுத்தி வைத்துப் பேசினேன்.

"சலோமி, அம்மா இஞ்ச."

அவள் கண்கள் பெரிதாயின. "கேக்குது" என்றாள்.

"அம்மா சொல்லிக்கொண்டே இருப்பன். நான் நிப்பாட்டுமட்டும் அசையாத. கல்லு மாதிரி இரு."

செபம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. வந்தது மீன் பெயர்கள். சூடை, சாளை, கும்புளா, கட்டா, பாரை, சீலா, விளை, ஒட்டி, திருக்கை, சுறா. தெரிந்தவை எல்லாம் முடிந்ததும் திரும்பச் சூடையிலிருந்து தொடங்கினேன். என் உதடுகளுக்குக் கீழே அவளுடைய நெற்றி குளிர்ந்து வியர்த்திருந்தது. அது அசையவே இல்லை. ஒரு தடவை ஏதோ முறிகிற சின்னச் சத்தம். டொக்டர் மூச்சை விட்டு, மறுபடியும் குனிந்தார். எத்தனையாவது திருக்கையோ தெரியாது, உருக்குத் தட்டில் எதுவோ விழுந்து துள்ளியது.

"காணும் அக்கா. நிப்பாட்டுங்கோ."

ஒரு கால் குறைந்த வண்டு ஒன்று, தட்டின் ஓரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

நான் நிமிர்ந்து, வலது பக்கம் நின்று, "சலோமி" என்றேன். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னேன். அவள் வண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "நல்லா வீங்கியிருக்கு. கீறல் இருக்கு, ரத்தம் இருக்கு. ஓட்டை இருக்கோ எண்டு இண்டைக்குச் சொல்லேலாது. காத்திருக்கோணும்."

பரா வெளிச்சம்

வீடு திரும்பும் வழியில் டொக்டர் சொன்ன ஒரு சொல்லே மனதில் நின்றது. வெளிச்சம் பட்டால் கீழே போகும்.

நான் சிறுமியாக இருந்தபோது, யுத்தத்தில் இடம்பெயர்ந்து பெரியமடுப் பக்கம் கொஞ்சக் காலம் இருந்தோம். பாலை மரத்துக்குக் கீழே ஒரு பதுங்குகுழி வெட்டியிருந்தோம். சில இரவுகளில் இராணுவத்தினர் வானத்தில் பரா வெளிச்சக் குண்டு போடுவார்கள், பரசூட்டில் தொங்கி எரிகிற விளக்கு. அது குடைபோல விரிந்து, ஊஞ்சலாடிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கும். மரங்களின் நிழல்கள் தரையில் நடக்கும். மணலில் எறும்பு போவதுகூடத் தெரியும். அதைவிட அழகான வெளிச்சத்தை நான் பிறகு பார்த்ததில்லை. ஆனால் அதை நின்று பார்த்தவர் யாருமில்லை.

வெளிச்சம் வந்தால் உள்ளே. அம்மா என் தலையை அமத்திக் குழிக்குள் தள்ளி, தன் இரண்டு விரல்களாலும் என் காதுகளை அடைத்துப் பிடிப்பார். பின்னால் வருகிறவர்கள் நெருக்குவார்கள். முன்னால் மண் சுவர். திரும்ப இடமிருக்காது. அந்தச் சுவரை நான் நகத்தால் விறாண்டியிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் உள்ளே போக முடியுமா என்று.

ஓட்டோவில் இருந்தபடி அந்த நகங்களை நினைத்தேன். என் பிள்ளையின் காதுக்குள் புகுந்தது எனக்கு எதிரியாக இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். அது வெறுமனே பயந்துபோன ஒன்று. அதன் பயம் எனக்குத் தெரிந்த பயம்.

போத்தலுக்குள்

சலோமி வண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள், ஒரு சின்ன மருந்துப் போத்தலில்.

"இஞ்ச தா. காலால நசுக்கிப்போட்டு வாறன்" என்றார் சவிரி.

அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் விளங்கிவிட்டது. போத்தலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். மருந்து விடுவது, நெற்றியில் வாயை வைத்துப் பேசுவது, இதுதான் வேலை. சவிரி எப்போதும் அதிகம் பேசாதவர். அவரும் கடலால் வந்ததும் அவளுடைய நெற்றியில் நாடியை வைத்து, அன்று பிடிபட்டதை ஒவ்வொன்றாகச் சொல்வார். "தாடி குத்துது அப்பா" என்பாள். அவர் தொடர்ந்து சொல்வார்.  லைற்றை அவர் விறாந்தையில் தொங்கவிடாமல் வள்ளத்திலேயே விட்டுவிட்டு வரத் தொடங்கினார்.

மீதி நேரத்தில் நானும் அவளும் வண்டைப் பார்த்தோம். அவளுடைய விஞ்ஞானப் பெட்டியில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தது.

அவ்வளவு சின்ன ஒன்றை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வெறும் கண்ணுக்கு அது ஒரு மண்ணிறப் பொட்டு. கண்ணாடிக்குக் கீழே, வறுத்த கோப்பிக் கொட்டையின் நிறத்தில் மெருகேறிய முதுகு, அதில் ஊசியால் குத்தியதுபோல வரிசையாகப் புள்ளிகள். வயிற்றில் பொன்னிற மயிர். முன்னங்கால்களில் அரிவாளின் பற்கள். முகத்தில் இரண்டு சின்னக் கொம்புகள். சில நேரம் அவற்றின் நுனி பிரிந்து, பனையோலை விசிறிபோல மூன்று மடல்களாக விரியும். காற்றில் எதையோ கேட்பதுபோல அப்படியே நிற்கும், பிறகு மூடும்.

"அது காதாம்மா?" என்று சலோமி கேட்டாள்.

மூக்கு என்று போனில் தேடிப் படித்துச் சொன்னேன். இன்னும் பலதும் படித்தேன். முட்டையும் மண்ணுக்குள், புழுவும் மண்ணுக்குள். புல்லின் வேரைத் தின்று, வளர்ந்து, மண்ணுக்குள்ளேயே ஒரு சின்ன அறை செய்து, வண்டாக மாறி, அங்கேயே காத்திருக்கும். முதல் மழை இறங்கி மண்ணை இளக்குமட்டும். பிறகு ஒரே மாலையில், ஒரே நேரத்தில் எல்லாம் மேலே வரும்.

அந்த முற்றத்தை எத்தனை வருடமாக நான் கூட்டுகிறேன். தட்டி வைத்து, கருவாடு பரப்பி, பிள்ளையை நடை பழக்கிய மணல். அதற்குக் கீழே இவ்வளவு பேர் இருட்டில் இருந்து, மழையின் காலடிக்குக் காத்திருந்திருக்கிறார்கள். நான் அன்றுதான் முதன்முதலாக அந்த மணலில் கால் வைக்கத் தயங்கினேன்.

போத்தலில் ஒரு பிடி முற்றத்து மண்ணைப் போட்டோம். ஒரு "அருள் நிறைந்த மரியே" பாதி சொல்வதற்குள், ஐந்து காலோடு அது இறங்கிவிட்டது. மேலே மண் மூடிக்கொண்டது. அப்படி ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை.

வள்ளத்துச் சத்தம்

ஒரு காலை விறாந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சலோமி படியில், போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். திடீரென்று தலையை உயர்த்தினாள்.

"அப்பாட வள்ளம்" என்றாள்.

நான் கத்தியை வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். காற்று. காகம். ரீட்டா மாமி வீட்டு ரேடியோ. வேறு ஒன்றுமில்லை. ஆசையில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் மீனைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் போனது. அதற்குப் பிறகுதான், தென்னைகளுக்கு அப்பால், சவிரியின் எஞ்சின் இழுத்து இழுத்து இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

 செதிலும் இரத்தமுமாக இருந்த கையோடு அங்கேயே இருந்தேன்.

"அம்மா, மீனைப் பூனை கொண்டுபோகுது" என்றாள் சலோமி. "எனக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கேல்லையா?"

அன்று மாலை அவள் போத்தலை வேப்ப மரத்தடியில் கவிழ்த்தாள். "எனக்குக் கேட்டாப்பிறகு விடுவன் எண்டுதான் வச்சிருந்தனான்" என்றாள். வண்டு கொஞ்சம் சாய்ந்து நடந்தது. பிறகு முதுகு பிளந்து, உள்ளே மடித்து வைத்திருந்த மெல்லிய சிறகுகளை விரித்து, வேம்புக்குள் போனது.

முந்தாநாள்

இந்த வருடம் நான் ஆயத்தமாக இருந்தேன். யன்னல்களுக்கு வலை அடித்தாயிற்று. பஞ்சு, அலுமாரியில் ஒன்று, பையில் ஒன்று, கந்தோர் மேசையில் ஒன்று. மழை இருட்டியதும் சவிரி கருவாட்டை எல்லாம் முதலே உள்ளே எடுத்துவிட்டார். மழை பெய்து ஓய்ந்தது. கூரை சொட்டியது. நான் பஞ்சோடு போனேன்.

"வேண்டாம் அம்மா" என்றாள் சலோமி. "லைற்றும் போடாதேங்கோ. லைற் இல்லாட்டி அதுகள் மரத்துக்குத்தானே போகும். எனக்குக் கேக்கோணும்."

"போன வருசம் பட்டது காணாதா?"

"போன வருசம் ஒரு வண்டு மட்டும்தானே கேட்டது. இந்த முறை எல்லா வண்டும் கேக்கோணும்."

சவிரியைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய் மெயின் சுவிச்சையே அணைத்துவிட்டு வந்தார்.

நான் பஞ்சைப் பிடித்தபடி நின்றேன்.  

"சரி, அப்பிடியெண்டா உங்கட கையை வையுங்கோ" என்றாள். என் வலது கையை எடுத்துத் தன் காதில் வைத்தாள். "விரலைக் கொஞ்சம் திறவுங்கோ. இன்னும் கொஞ்சம்."

என் அம்மாவின் விரல்கள் என் காதில் இருந்த இறுக்கம் எனக்கு இன்னும் தெரியும். அந்த இறுக்கத்தோடுதான் நான் வைத்திருந்தேன். ஒவ்வொரு விரலாக இளக்கினேன்.

வேப்ப மரத்தடியில் மூவரும் நின்றோம். வானத்தில் கடைசி வெளிச்சம் மட்டும் இருந்தது.

"தொடங்கியிட்டுது" என்றாள்.

"என்ன?"

"மண்ணுக்குள்ள."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்ன மாதிரிக் கேக்குது?"

அவள் யோசித்தாள். "கன பேர் ஒண்டாக் கதவு திறக்கிற மாதிரி."

காலடியில் மணல் அசைந்தது. இங்கே ஒரு சின்னக் குமிழ், அங்கே ஒன்று, பிறகு பார்க்கிற இடமெல்லாம். மண் தன்னைத்தானே நிமிண்டிக்கொள்வதுபோல இருந்தது. ஒவ்வொரு குமிழிலிருந்தும் ஒன்று வெளியே வந்து, கொஞ்சம் நின்று, முதுகைப் பிளந்து எழும்பியது. எங்கள் முழங்காலைத் தாண்டி, தோளைத் தாண்டி, வேம்பின் தலையைச் சுற்றி ஒரு ரீங்காரம் கட்டியது. அது எனக்கும் கேட்டது. கோயிலில் பாட்டுத் தொடங்குமுன் ஓர்கனில் ஒற்றை விரல் வைத்துப் பிடிக்கிற சுருதிபோல, மரம் முழுவதும் ஒரே ஒலியாக நின்றது. சவிரி தொப்பியைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

என் புறங்கையில் ஒன்று வந்து இறங்கியது. சின்னச் சின்ன நகங்களின் பிடி. அது என் விரல்களுக்கிடையே இருந்த இடைவெளியை நோக்கி நடந்தது.

"அம்மா, உங்கட விரல் இறுகுது."

"ஓம்."

"மூடாதேங்கோ."

வண்டு விரலின் ஓரத்தில் நின்றது. அதன் முதுகு பிளப்பதைத் தோலில் உணர்ந்தேன். பிறகு அந்த இடத்தில் பாரம் இருக்கவில்லை.

நான் மூடவில்லை.